கல் வளர்ந்துவிட்டதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் தங்கள் நாளிதழின் கல்வி இணைப்பில் பொறியியல் முதலாம் ஆண்டு மாணவர்களுக்காக ஒரு கணிதப் பக்கம் வந்திருந்தது. நான் மாணவன் அல்ல. எழுபத்திரண்டு வயது. பொதுப்பணித் துறையில் ஓவர்சியராகச் சேர்ந்து, உதவிப் பொறியாளராக ஓய்வு பெற்றவன். என் பேத்தி பொறியியல் கல்லூரியில் இரண்டாவது செமஸ்டர் படிக்கிறாள். அவளுக்காகக் கத்தரித்து வைக்கலாமே என்று பக்கத்தை எடுத்தவன், நின்ற வாக்கிலேயே முழுவதையும் படித்துவிட்டேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது அதனால்தான் என்று வீட்டில் இன்னும் பேச்சு ஓயவில்லை.

பக்கத்தில் இருந்த சூத்திரங்கள் எல்லாம் சரி. சரிபார்த்தேன். எனக்கு உறுத்தியது தலைப்பு: 'துல்லியமற்ற வகைக்கெழுச் சமன்பாடுகள்'. ஆங்கிலத்தில் இன்எக்ஸாக்ட் என்பதை யாரோ அகராதியைப் பார்த்து அப்படிப் போட்டிருக்கிறார்கள். என் தொழிலில் துல்லியமற்றது என்றால் நீண்டுபோன டேப், தூங்கி வழியும் ஆள், எட்டைச் சைபர் என்று படிக்கும் கண். பேத்தி தலைப்பைப் படித்துவிட்டு என்னிடம் கேட்டாள்: "தாத்தா, தப்பான சமன்பாடுன்னு தெரிஞ்ச பிறகு அதை எதுக்கு சால்வ் பண்ணச் சொல்றாங்க?"

அவள் கேட்டது நியாயம். கல்லூரியிலும் அவளுக்கு இதற்குப் பதில் கிடைக்கவில்லை. இரண்டு பக்கத்தையும் பகுதி வகையிடு (ஒரு மாறியை மட்டும் நகர்த்தி மாற்றத்தைப் பார்), சமமா பார், சமமில்லையென்றால் இந்த ஐந்து விதிகளில் ஒன்றைப் போடு, எந்த விதி என்பது கேள்வியைப் பார்த்தால் தெரியும். அவ்வளவுதான் பாடம். ஒரு மாதமாக மாலையில் அவளோடு உட்கார்ந்து இதைப் பிரித்துப் பார்த்ததில், நாற்பது வருடம் லெவல் கருவியோடு சுற்றிய எனக்கே ஒரு விஷயம் இப்போதுதான் உறைத்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1976-இல் வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு கிளை வாய்க்காலுக்கு லெவல் எடுக்க என்னை அனுப்பினார்கள். டம்பி லெவல் ஒன்று, ஸ்டாஃப் எனப்படும் உயரமான அளவுகோல் ஒன்று, உதவிக்கு இரண்டு கலாசிகள். லெவல் எடுப்பதைப் பார்த்திராதவர்களுக்குச் சொல்கிறேன். கருவியை நடுவில் நிறுத்தி, பின்னால் ஓரிடத்திலும் முன்னால் ஓரிடத்திலும் அளவுகோலைப் பிடிக்கச் சொல்லிப் படிக்க வேண்டும். இரண்டு எண்களையும் கழித்தால் அந்த இரண்டு இடங்களுக்கும் உள்ள உயர வித்தியாசம். பிறகு கருவியைத் தூக்கிக்கொண்டு முன்னால் போய் அதையே மறுபடியும் செய்ய வேண்டும். இப்படி ஊரைச் சுற்றிப் புறப்பட்ட கல்லுக்கே திரும்பி வந்து, ஏற்றங்களைக் கூட்டி இறக்கங்களைக் கழித்தால் பூஜ்யம் வர வேண்டும். கருவிக் குறை, கண் குறை என்று சில மில்லிமீட்டர் மன்னிப்பார்கள். எனக்கு 10 சென்டிமீட்டர் மிச்சம் நின்றது.

மேலதிகாரி லெவல் புத்தகத்தைப் புரட்டினார். "ஊரைச் சுத்திட்டு அதே கல்லுக்குத்தானே வந்திருக்கே? நடுவிலே கல்லு வளர்ந்துடுச்சா?" என்றார். மறுநாள் முழுச் சுற்றும் மறுபடி, சித்திரை வெயிலில். ஓரிடத்தில் 1.45 என்று எழுத வேண்டியதை 1.55 என்று எழுதியிருந்தேன்.

அன்று முதல் என் மனத்தில் பதிந்த பாடம் இது: சுற்றி வந்து மிச்சம் விழுந்தால் தப்பு உன்னுடையது. ஓய்வு பெறும் வரை அது சரியாகத்தான் இருந்தது. பேத்தியின் புத்தகத்தில் வந்து நின்றபோதுதான், சில கணக்குகளில் மிச்சம் விழாவிட்டால்தான் தப்பு என்று புரிந்தது.

பழனி மலையை எடுத்துக்கொள்ளுங்கள். படிக்கட்டு வழியாகவும் ஏறலாம், யானைப் பாதை வழியாகவும் ஏறலாம். மேலே போய்ச் சேர்ந்ததும் 'எவ்வளவு உயரம் ஏறினோம்?' என்று கேட்டால் இரண்டு பேருக்கும் ஒரே பதில். 'எத்தனை அடி நடந்தோம்?' என்று கேட்டால் பதில் வேறு. உயரம் இடத்தைச் சேர்ந்தது. நடை வழியைச் சேர்ந்தது. கணிதத்தில் எக்ஸாக்ட் என்பது முதல் வகை, இன்எக்ஸாக்ட் என்பது இரண்டாம் வகை. இரண்டிலும் அளவு அச்சுப் பிசகாமல் இருக்கலாம். நடந்த தூரத்தை மில்லிமீட்டர் சுத்தமாக அளந்தாலும் அது இன்எக்ஸாக்ட்தான். அதனால்தான் 'துல்லியமற்ற' என்ற சொல் எனக்கு ஆகவில்லை.

இதைப் பேத்திக்கு மனை வாங்கும் கணக்காகச் சொன்னேன். உன்னிடம் 10 மீட்டருக்கு 10 மீட்டர் மனை இருக்கிறது. 20-க்கு 20 ஆக்க வேண்டும். கிழக்கே ஒருவருடைய நிலம், வடக்கே இன்னொருவருடைய நிலம். கிழக்கே முதலில் வாங்கினால் அங்கே 10-க்கு 10, அதாவது 100 சதுர மீட்டர். இப்போது மனை 20-க்கு 10. வடக்கே வாங்கும் பட்டை 20-க்கு 10, அதாவது 200. மொத்தம் 300 சதுர மீட்டர் சேர்ந்தது. வரிசையை மாற்று: வடக்கே முதலில் 100, பிறகு கிழக்கே 200. இப்போதும் மொத்தம் 300-தான். ஆனால் கிழக்கே வாங்கியது எவ்வளவு? முதல் வழியில் 100, இரண்டாம் வழியில் 200. (மூலைத்துண்டு யாருடையது என்ற வம்பை நமக்குச் சாதகமாக மறந்துவிடுவோம்.)

புத்தகத்தில் இருப்பதும் இதேதான். நீளம் எக்ஸ், அகலம் ஒய். நீளம் டிஎக்ஸ் என்ற துளி கூடினால் சேரும் பட்டை ஒய் டிஎக்ஸ். அகலம் டிஒய் என்ற துளி கூடினால் சேரும் பட்டை எக்ஸ் டிஒய். இரண்டையும் கூட்டினால் மொத்தப் பரப்பின் மாற்றம். எந்த வரிசையில் வாங்கினாலும் மாறாது, அது எக்ஸாக்ட். ஒய் டிஎக்ஸ் மட்டும் தனியாக எடுத்தால் அது கிழக்கே வாங்கியது. வரிசைக்கு வரிசை மாறும், அது இன்எக்ஸாக்ட். இரண்டு வரிசைக்கும் உள்ள வித்தியாசம் 100. எக்ஸ், ஒய் வரைபடத்தில் 10-லிருந்து 20 வரை அந்த இரண்டு வழிகளும் அடைத்துக்கொள்ளும் சதுரத்தின் பரப்பும் அதே 100.

இது தற்செயல் இல்லை. மாணவர்கள் கண்ணை மூடிக்கொண்டு போடும் அந்தச் சோதனையின் உயிரே இதில்தான் இருக்கிறது. டிஎக்ஸுக்கு முன்னால் நிற்பதைக் கிழக்கு விலை என்றும் டிஒய்க்கு முன்னால் நிற்பதை வடக்கு விலை என்றும் வைத்துக்கொள்ளுங்கள். வடக்கே ஒரு அடி நகர்ந்தால் கிழக்கு விலை எவ்வளவு ஏறுகிறது? கிழக்கே ஒரு அடி நகர்ந்தால் வடக்கு விலை எவ்வளவு ஏறுகிறது? இரண்டு ஏற்றமும் சமமென்றால், கிழக்கே போய் வடக்கே திரும்பினாலும் வடக்கே போய்க் கிழக்கே திரும்பினாலும் செலவு ஒன்றே. சமமில்லையென்றால், ஒரு சின்னச் சதுரத்தைச் சுற்றி வரும்போதே அந்த வித்தியாசம் கையில் மிஞ்சும். பெரிய சுற்றில் போனால் உள்ளே இருக்கும் சின்னச் சதுரங்களின் மிச்சமெல்லாம் சேர்ந்து வரும். அந்தப் பகுதி வகையிடல் சோதனை இந்த மிச்சத்தைத்தான் தேடுகிறது.

எங்கள் அலுவலகத்தில் இந்த மிச்சத்தை வைத்தே பிழைப்பு நடத்திய ஒரு கருவி இருந்தது. பிளானிமீட்டர். 1854-இல் யாக்கோப் ஆம்ஸ்லர் என்ற சுவிட்சர்லாந்துக் கணிதக்காரர் வடிவமைத்தது. இரண்டு கைகள் மடங்கி நீளும். ஒரு கையின் நுனியைத் தாளில் குத்தி நிறுத்துவோம். இன்னொரு நுனியைக் கண்மாயின் நீர்ப்பரப்பு எல்லைக்கோட்டின் மேல் மெல்ல நகர்த்துவோம். கையில் பொருத்திய சின்னச் சக்கரம் கொஞ்சம் உருளும், கொஞ்சம் வழுக்கும். எல்லையைச் சுற்றிப் புறப்பட்ட புள்ளிக்கே வந்துவிட்டோம். நுனி பழைய இடத்தில், கைகளும் பழைய இடத்தில். சக்கரத்தின் எண் மட்டும் பழைய இடத்தில் இல்லை. அந்த வித்தியாசத்தை அளவுத்திட்டத்தால் பெருக்கினால் கண்மாயின் பரப்பு. கோணல்மாணலான எந்த எல்லைக்கும் வரும். சக்கரம் ஒழுங்காகப் பூஜ்யத்துக்குத் திரும்பியிருந்தால் அந்தக் கருவியைப் பேப்பர் வெயிட்டாகத்தான் வைத்திருக்க வேண்டும். வருடக்கணக்கில் அதை உருட்டியிருக்கிறேன். கை மட்டும் செய்தது, மூளை ஒரு நாளும் கேட்கவில்லை.

சரி, சமன்பாட்டுக்கு வருவோம். பேத்தியின் கேள்விக்கு நான் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் அவள் முகம் மாறியது இந்த இடத்தில்தான்.

எக்ஸின் வர்க்கத்தை ஒய்யின் கனத்தால் பெருக்கினால் எப்போதும் ஒரே எண் வருகிறது என்று வைத்துக்கொள். எக்ஸ்²ஒய்³ = நிலையெண். ஒரு வளைகோட்டுக் குடும்பம். இதை வகையிட்டால் 2எக்ஸ்ஒய்³ டிஎக்ஸ் + 3எக்ஸ்²ஒய்² டிஒய் = 0. சோதித்துப் பார், எக்ஸாக்ட். இப்போது இரண்டு உறுப்பிலும் எக்ஸ்ஒய்² பொதுவாக இருக்கிறதே, வலப்பக்கம் பூஜ்யம்தானே, பள்ளிக்கூடத்துப் பழக்கத்தில் அடித்துவிடு. மிஞ்சுவது 2ஒய் டிஎக்ஸ் + 3எக்ஸ் டிஒய் = 0. இப்போது சோதி. ஒரு பக்கம் 2, இன்னொரு பக்கம் 3. தோற்றுவிட்டது.

வளைகோடு மாறியதா? மாறவில்லை. சமன்பாடு தப்பானதா? இல்லை. நீ அடித்துப் போட்ட பொதுக் காரணியோடு சேர்ந்து அதன் அடையாளமும் போய்விட்டது. இன்எக்ஸாக்ட் சமன்பாடு என்று தேர்வில் கொடுப்பதெல்லாம் இப்படி யாரோ காரணியை உருவிக்கொண்டு விட்ட சமன்பாடுகள்தான். தொகையீட்டுக் காரணியை, அதாவது பெருக்கினால் சமன்பாட்டை எக்ஸாக்ட் ஆக்கும் காரணியைக் கண்டுபிடி என்றால், உருவியதைத் திரும்பக் கொண்டு வா என்று பொருள்.

"அப்போ அதே எக்ஸ்ஒய்²தான் வரணுமா?" என்று கேட்டாள். தேவையில்லை, வேடிக்கையே அதுதான். சூத்திரப்படி 2-லிருந்து 3-ஐக் கழித்து, டிஒய்யின் முன்னால் நிற்கும் 3எக்ஸால் வகுத்தால் −1/(3எக்ஸ்). இதில் ஒய் இல்லாததால் எக்ஸை மட்டும் கொண்ட காரணி கிடைக்கும். கணக்கை முடித்தால் எக்ஸின் கனமூலத்தால் வகு என்று வருகிறது. வகுத்துச் சோதித்தால் இரண்டு பக்கமும் சமம். விடை, எக்ஸின் மூன்றில் இரண்டு அடுக்கை ஒய்யால் பெருக்கினால் நிலையெண். மூன்றடுக்கு எடுத்துப் பார், அதே எக்ஸ்²ஒய்³. உருவியது ஒரு சாவி, திறந்தது வேறொரு சாவி, கதவு ஒன்றே.

இன்னும் சுலபமான உதாரணம் ஒய் டிஎக்ஸ் − எக்ஸ் டிஒய் = 0. ஒய்²-ஆல் வகுத்தாலும் சரியாகும், எக்ஸ்²-ஆல் வகுத்தாலும் சரியாகும், எக்ஸ்ஒய்யால் வகுத்தாலும் சரியாகும், எக்ஸ்² + ஒய்²-ஆல் வகுத்தாலும் சரியாகும். எல்லா வழியிலும் விடை, ஆதியிலிருந்து கிளம்பும் நேர்க்கோடுகள். தங்கள் பக்கத்தில் இதே கணக்குக்கு முதல் காரணியை மட்டும் போட்டு 'இதுவே காரணி' என்று எழுதியிருந்தார்கள். அந்த ஏகாரத்தை மட்டும் எடுத்துவிட்டால் போதும்.

பிளஸ் டூவில் நேரியல் சமன்பாட்டுக்கு ஒரு தொகையீட்டுக் காரணி மனப்பாடம் செய்கிறார்களே, அதுவும் இந்தக் குடும்பத்துப் பிள்ளைதான். தனிப் பாடமாக நடத்துவதால் உறவு தெரியாமல் போகிறது.

இனி, எனக்கு உறைத்தது என்று சொன்னேனே, அது. பேத்தியின் கேள்விகளுக்காகப் பழைய நில அளவைப் புத்தகம் ஒன்றைத் தூசி தட்டினேன். பின்பக்கம், நாங்கள் யாரும் படிக்காத ஒரு அத்தியாயத்தில் இருந்தது: லெவல் கருவியால் எடுக்கும் உயர வித்தியாசங்கள் கறாராகப் பார்த்தால் எக்ஸாக்ட் அல்ல. கருவியில் ஒரு குறையும் இல்லை, ஆள் தூங்கவில்லை, கண் மங்கவில்லை என்றாலும், பெரிய சுற்றாகச் சுற்றி வந்தால் மிச்சம் விழத்தான் செய்யும்.

காரணம் புவியீர்ப்பு. நிலநடுக்கோட்டில் அது 9.780, துருவத்தில் 9.832 என்று எடுத்துக்கொள்ளலாம். லெவல் கருவியின் குமிழி தண்ணீர் மட்டத்தைப் பார்த்து நிற்கிறது. தண்ணீர் மட்டம் என்பது ஒரே உயரமுள்ள மட்டமில்லை. ஒரு கிலோவைக் கடல் மட்டத்திலிருந்து அங்கே தூக்க எவ்வளவு வேலை ஆகுமோ, அந்த வேலை எங்கும் ஒன்றாக இருக்கும் மட்டம். ஈர்ப்பு கூடிய இடத்தில் குறைந்த உயரம் தூக்கினாலே அதே வேலை ஆகிவிடும். அதனால் தண்ணீர் மட்டங்கள் ஒன்றுக்கொன்று இணையாக இல்லை. நிலநடுக்கோட்டில் 1,000 மீட்டர் இடைவெளியில் இருக்கும் இரண்டு மட்டங்கள் துருவத்துக்குப் போனால் சுமார் 5 மீட்டர் நெருங்கிவிடும். ஆக நிலநடுக்கோட்டில் 1,000 மீட்டர் ஏறி, அந்த மட்டத்திலேயே துருவம் வரை போய், இறங்கி, கடல் மட்டத்தோடு திரும்பி வந்தால், ஒரு பிழையும் செய்யாமலே கல் 5 மீட்டர் வளர்ந்திருக்கும்.

நம்மூர்க் கணக்கும் போட்டுப் பார்த்தேன். கன்னியாகுமரி இருக்கும் எட்டாம் பாகைப் பக்கம் ஈர்ப்பு 9.7813, சென்னை இருக்கும் பதின்மூன்றாம் பாகைப் பக்கம் 9.7829. கன்னியாகுமரியில் 2,000 மீட்டர் ஏறி, அதாவது ஏறக்குறைய கொடைக்கானல் உயரம், அதே தண்ணீர் மட்டத்தில் சென்னை வரை வந்து இறங்க முடியுமென்றால் மிச்சம் சுமார் 33 சென்டிமீட்டர். ஒரு அடிக்கும் மேல்! அப்படி ஒரு மேசை நம்மிடம் இல்லை, மலைகளும் கடல் மட்டமும் உள்ளபடி எடுக்கும் லெவலில் இவ்வளவு வராது. அன்று நான் சுற்றிய வாய்க்காலுக்கு இது ஒரு நூல் அளவும் வராது என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். அந்த 10 சென்டிமீட்டர் என் கண் செய்த தப்புத்தான்.

இதற்கு மருந்து என்ன தெரியுமா? ஒவ்வொரு சின்ன உயர வித்தியாசத்தையும் அந்த இடத்து ஈர்ப்பால் பெருக்கிவிட்டுக் கூட்ட வேண்டும். கூட்டினால் எந்த வழியில் போனாலும் ஒரே விடை, சுற்றி வந்தால் பூஜ்யம். தொகையீட்டுக் காரணி! பேத்தியின் புத்தகத்தில் கிரேக்க எழுத்தாக நிற்கும் அந்தக் காரணி, என் தொழிலில் நாம் நிற்கும் மண்ணின் இழுப்பு. அந்த வித்தியாசம் தப்பானது என்று யாரும் சொல்லவில்லை. எடை போடாமல் கூட்டிவிட்டோம், அவ்வளவுதான். இதைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மேலதிகாரி இன்று இருந்தால் போன் போட்டிருப்பேன்.

இதில் ஒரு பெயர் இரண்டு தரம் வருகிறது. அலெக்சி கிளேரோ, பிரெஞ்சுக் கணிதக்காரர். பூமி துருவத்தில் தட்டையா, நடுவில் ஒடுக்கமா என்ற சண்டையைத் தீர்க்க 1736-இல் ஐரோப்பாவின் வடகோடியில் உள்ள லாப்லாந்துக்கு அளக்கப் போன குழுவில் இருந்தவர். அப்போது அவருக்கு வயது இருபத்துமூன்று. 1743-இல் பூமியின் வடிவம் பற்றி அவர் எழுதிய புத்தகத்தில், தண்ணீராலான ஒரு பூமிக்குள் எந்த வடிவத்திலும் சுற்றி மூடும் ஒரு வாய்க்காலைக் கற்பனை செய்கிறார். அந்த வாய்க்காலைச் சுற்றி விசைகளைக் கூட்டினால் பூஜ்யம் வர வேண்டும். வராவிட்டால் தண்ணீர் யாரும் தள்ளாமலே சுற்றிக்கொண்டே இருக்கும். அந்த நிபந்தனையை எழுதினால் மாணவர்கள் இன்று போடும் அதே சமச் சோதனை. ஈர்ப்பு துருவத்தை நோக்கிப் போகப் போக எப்படிக் கூடுகிறது என்ற விதியும் அதே புத்தகத்தில்தான். ஏறத்தாழ அதே காலத்தில் ஆய்லர் என்ற கணித மேதையும் இந்தக் காரணிகளைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தார். ஆனால் வாய்க்கால்காரனான எனக்குக் கிளேரோதான் சொந்தக்காரர். இந்த ஒரு கதையைப் பாடத்தின் தொடக்கத்தில் சொன்னால் ஐந்து நிமிடம்தான் ஆகும்.

வெப்பத்தைப் பற்றியும் இரண்டு வரி. பேத்தியின் இன்னொரு பாடத்தில் வெப்பத்தின் சிறு மாற்றத்துக்கு மட்டும் டி என்ற குறியீட்டை வளைத்துப் போடுகிறார்கள், ஏன் என்று சொல்வதில்லை. ஹீலியம் போன்ற ஒரு வாயு, ஒரு மோல். 300 கெல்வினிலிருந்து 600-க்கும், பருமனை இரண்டு மடங்குக்கும் கொண்டுபோக வேண்டும். முதலில் சூடாக்கி, அந்தச் சூட்டிலேயே மெல்ல விரித்தால் சுமார் 7,200 ஜூல் வெப்பம் கொடுக்க வேண்டும். முதலில் விரித்துப் பிறகு சூடாக்கினால் சுமார் 5,470 ஜூல் போதும். தொடக்கமும் முடிவும் ஒன்று, செலவு வேறு. ஆனால் கொடுக்கும் ஒவ்வொரு துளி வெப்பத்தையும் அந்த நேரத்து வெப்பநிலையால் வகுத்துக் கூட்டினால் இரண்டு வழியிலும் 14.4. இங்கே காரணி, வெப்பநிலையின் தலைகீழ். இப்படிக் கிடைக்கும் அளவுக்குத்தான் ஜெர்மன் இயற்பியலாளர் கிளாசியஸ் 1865-இல் என்ட்ரோபி என்று பெயர் வைத்தார். மனை வாங்கிய கதையும் இதுவும் ஒன்றுதான் என்று சொன்னதும் பேத்தி அந்தப் புத்தகத்தை எடுத்து வந்து, அந்த வளைந்த குறியீட்டின் பக்கத்தில் பென்சிலால் 'கிழக்கு' என்று எழுதிக்கொண்டாள்.

எல்லா இடத்திலும் காரணி கிடைக்கும் என்றும் நினைத்துவிடக் கூடாது. இரண்டு மாறிகள் வரைக்கும்தான் அந்த உத்தரவாதம். மூன்று வந்தால் கிடைக்காமலும் போகும். காரை எடுத்துக்கொள்ளுங்கள்: நிற்கும் இடத்துக்கு இரண்டு எண், திரும்பி நிற்கும் கோணத்துக்கு ஒன்று. சக்கரம் பக்கவாட்டில் நகராது என்பதை எழுதினால் ஒரு சமன்பாடு வரும். அதற்குத் தொகையீட்டுக் காரணி கிடையவே கிடையாது. கிடைத்திருந்தால் ஏதோ ஓர் அளவு மாறாமல் பூட்டிக்கொண்டிருக்கும், எவ்வளவு முன்னும் பின்னும் எடுத்தாலும் இரண்டு வண்டிகளுக்கு நடுவே காரை ஓரமாக நுழைக்க முடியாது. என் மருமகன் நுழைக்கும் விதத்தைப் பார்த்தால் அவருக்கு மட்டும் காரணி இருக்கிறதோ என்று சந்தேகம் வரும். அது வேறு கதை.

என் கோரிக்கை சின்னது. அடுத்த முறை இந்தப் பாடம் வரும்போது 'துல்லியமற்ற' என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். கிளேரோ தம் மொழியில் எக்ஸாக்ட் என்பதற்கு இணையாக 'முழுமையான' என்ற பொருளில்தான் எழுதினார். முழுமை வகையீடு, முழுமை பெறாத வகையீடு என்று போடலாம். பிள்ளைகள் பேசுவது போல எக்ஸாக்ட், இன்எக்ஸாக்ட் என்றே தமிழ் எழுத்தில் போட்டாலும் எனக்குச் சம்மதம். இதைவிட நல்ல சொல் தமிழாசிரியர்கள் யாரிடமாவது இருந்தால் அதையும் வாசகர் பக்கத்தில் வெளியிடுங்கள். ஐந்து விதிகளைப் போடும்முன் எக்ஸ்²ஒய்³ போல ஒரு கணக்கைப் பின்னாலிருந்து முன்னால் நடத்திக் காட்டுங்கள். எக்ஸ்ஒய்²-ஐப் பிள்ளைகளே ஒருமுறை உருவட்டும், பிறகு தேடட்டும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வு பெற்ற உதவிப் பொறியாளர்,
பெரியகுளம்.

பி.கு.: தபாலில் போடும் முன் பேத்தியிடம் படிக்கக் கொடுத்தேன். இரண்டு மாறிகள் இருந்தால் காரணி கிடைக்கும் என்று நான் பொத்தாம்பொதுவாக எழுதியது தப்பாம். டிஎக்ஸ், டிஒய் இரண்டின் முன்னாலும் நிற்பவை ஒரே இடத்தில் பூஜ்யமாகிவிட்டால் அந்தப் புள்ளியில் உத்தரவாதம் இல்லையாம். ஒய்²-ஆல் வகுக்கும்போது ஒய் பூஜ்யமாக இருக்கும் கோடு கைவிட்டுப் போகும், அதைத் தனியாகப் பார்க்க வேண்டுமாம். அவள் சொல்வது சரிதான். அதையும் சேர்த்துப் போட்டுவிடுங்கள்.